நாணயம் சம்பாதித்த அச்சுக்காரர்

1730-ம் ஆண்டு வாக்கில் பிலடெல்பியா நகரத்துத் தெருக்களில் ஒரு காட்சி அடிக்கடி காணக் கிடைத்தது. 24 வயது வாலிபர் ஒருவர், கடையில் வாங்கிய காகிதக் கட்டுகளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, தாமே அதைத் தள்ளிக்கொண்டு வீடு நோக்கிப் போவார். கூலிக்காரர் அல்ல, சொந்தத்தில் அச்சுக்கூடம் வைத்திருப்பவர். ஓர் ஆளை அமர்த்தினால் நாலு காசு செலவு, அவ்வளவுதான். ஆனால் அவர் அமர்த்தவில்லை. நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, தள்ளிக்கொண்டு போனார். நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் அதிலே விசேஷம்! அந்த நாலு பேரில் அவருக்குக் கடன் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இனிமேல் கொடுக்கப் போகிறவர்களும் இருந்தார்கள்.

அந்த வாலிபர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னல் என்பது மின்சாரமே என்று நிலைநாட்டியவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். பிரெஞ்சு அரசவையில் தூதராக வீற்றிருந்தவர். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருப்பது அவருடைய முகம்தான். பண நோட்டிலே முகம் பதியும் அளவுக்கு உயர்ந்த இந்த மனிதர், ஒரு காலத்தில் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, அவர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வோம் என்று தவித்துக் கிடந்தவர் என்றால் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் புரளும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். முதல் நாணயம் இல்லாதவன், இரண்டாவதைக் கொண்டு அதைச் சம்பாதிக்க முடியுமா? பிராங்க்ளினின் வாலிப காலம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியது.

மூன்று ரொட்டிகள்

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிராங்க்ளின் பிறந்தார். தகப்பனார் ஜோசையா, மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்று ஜீவனம் செய்தவர். 17 குழந்தைகள் பெற்ற அந்தக் குடும்பத்தில் பெஞ்சமின்தான் கடைசி ஆண் பிள்ளை. பள்ளிக்கூடப் படிப்பு இரண்டு வருஷம் கூட நிறையவில்லை. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 21 வயது வரையில் அங்கேயே உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அண்ணன் கை நீளம், அடிப்பார். தம்பிக்கு நாக்கு நீளம், எதிர்த்துப் பேசுவார். 1723-ல், 17 வயதில், கொஞ்சம் புத்தகங்களை விற்று வழிச் செலவுக்குத் தேடிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார்.

பிலடெல்பியாவில் வந்து இறங்கியபோது கையிருப்பு ஒரு டச்சு டாலரும், ஒரு ஷில்லிங் பெறுமான செப்புக் காசும். துடுப்புப் போட உதவி செய்த பையனிடம் கூலி எதற்கு என்று படகுக்காரர்கள் மறுத்தார்கள். பிராங்க்ளின் வற்புறுத்தி அந்தச் செப்புக் காசை அவர்களிடம் கொடுத்தார். கையில் அதிகம் இருக்கும்போது இல்லாத தாராளம், கொஞ்சமாக இருக்கும்போது மனிதனுக்கு வந்துவிடுகிறது, நம்மிடம் ஒன்றுமில்லை என்று பிறர் நினைத்துவிடப் போகிறார்களே என்ற பயந்தான் காரணம் என்று முதுமையில் அவரே இதை நினைத்துச் சிரித்திருக்கிறார். பிறகு மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கி, இரண்டைக் கக்கத்தில் இடுக்கி, ஒன்றைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தார். வாசலில் நின்று இந்தக் கோலத்தைக் கண்டு வியந்த பெண் டெபோரா ரீட். பின்னாளில் அவருக்கே மனைவியானவள்.

வெர்னன் பணம்

ஊரிலிருந்த அச்சுக்காரர் சாமுவேல் கெய்மரிடம் வேலை கிடைத்தது. பையனின் கெட்டிக்காரத்தனம் கவர்னர் வில்லியம் கீத்தின் காதுக்கு எட்டியது. தனி அச்சுக்கூடம் வைத்துக்கொள், சர்க்கார் வேலையெல்லாம் உனக்குத்தான் என்று கவர்னர் ஆசை காட்டினார்; தகப்பனாரிடம் பண உதவி கேட்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்தனுப்பினார். 1724-ல் கடிதத்தோடு பாஸ்டன் போய் நின்ற மகனைப் பார்த்துக் கிழவர் தலையை அசைத்துவிட்டார். 18 வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு பெரிய முதலை ஒப்படைக்கிற கவர்னர் என்ன கவர்னர் என்பது அவர் எண்ணம். இருந்தாலும் ஒரு வாக்குக் கொடுத்தார்: 21 வயதுக்குள் உழைத்துச் சிக்கனமாகச் சேர்த்து வை, கடைசியில் கொஞ்சம் குறைந்தால் நான் போட்டு நிரப்புகிறேன்.

தகப்பனார் கணக்குச் சரி என்பது திரும்பும் வழியிலேயே தெரிந்துவிட்டது. நியூபோர்ட்டில் இன்னொரு அண்ணனின் சிநேகிதர் வெர்னன் என்பவர், பென்சில்வேனியாவில் தமக்கு வரவேண்டிய சுமார் 35 பவுனை வசூல் செய்து, தாம் சொல்லும் வரையில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிராங்க்ளின் வசூல் செய்தார், பத்திரமாகத்தான் வைக்கவில்லை. பாலிய சிநேகிதன் காலின்ஸ் கூட வந்து சேர்ந்திருந்தான். நல்ல படிப்பாளி, ஆனால் குடியில் விழுந்து, வேலை கிடைக்காமல், பிராங்க்ளின் தலையில் உட்கார்ந்து சாப்பிட்டான். வெர்னன் பணம் பெட்டியில் இருப்பது அவனுக்குத் தெரியும். வேலை கிடைத்ததும் தருகிறேன் என்று இன்று கொஞ்சம், நாளை கொஞ்சமாகக் கேட்டான். பிராங்க்ளினும் எடுத்துக் கொடுத்தார். ஒரு நாள் காலின்ஸ் பார்படோஸ் தீவுக்கு வேலைக்காகக் கப்பலேறினான். முதல் சம்பளத்தில் கடனை அனுப்புவதாகச் சொல்லிப் போனவனிடமிருந்து பிறகு தகவலே இல்லை.

பெட்டியில் பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. வெர்னன் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிராங்க்ளின் கதை அன்றோடு முடிந்திருக்கும். தம் வாழ்நாளின் பெரிய பிழைகளில் ஒன்று என்று தன் வரலாற்றில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். அச்சுக்காரர் அல்லவா? அச்சுப்பிழை என்றே குறிப்பிட்டார்.

கவர்னர் கீத் இதற்குள் வேறு யோசனை சொன்னார். தகப்பன் உதவாவிட்டால் நான் இருக்கிறேன். லண்டனுக்குப் போய் யந்திரமும் எழுத்துகளும் நீயே பார்த்து வாங்கி வா. அங்கே பணம் கிடைக்கக் கடன் கடிதம் தருகிறேன் என்றார். இன்று வா, நாளை வா என்று இழுத்து, கடைசியில் கடிதங்கள் கப்பலுக்கு வந்து சேரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். 1724 டிசம்பர் 24-ந் தேதி பிராங்க்ளின் லண்டனில் இறங்கினார். கடிதப் பையைக் குடைந்து பார்த்ததில் கவர்னரின் கடிதம் ஒன்றுகூட இல்லை! கூட வந்த தாமஸ் டென்ஹாம் என்ற வியாபாரி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். ஊரில் கவர்னரை நம்பி யாரும் ஒரு காசு கடன் தரமாட்டார்கள். தனக்கே இல்லாத நாணயத்தை அவர் எப்படி உனக்குக் கடிதத்தில் எழுதிக் கொடுப்பார் என்று கேட்டார்.

தட்டுக்கு அடியில்

இந்த டென்ஹாமின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முன்பு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வியாபாரம் செய்து நொடித்துப் போனவர் அவர். கடன்காரர்கள் முழுத் தொகையைக் கேட்காமல், கிடைத்ததை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். சட்டப்படி கணக்குத் தீர்ந்தது. டென்ஹாம் அமெரிக்கா வந்து கடுமையாக உழைத்து, சில வருஷங்களில் பெரும் பொருள் சேர்த்தார். இப்போது பிராங்க்ளினோடு ஒரே கப்பலில் இங்கிலாந்து திரும்பியவர், பழைய கடன்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு விருந்துக்கு அழைத்தார். அன்று தயவு காட்டியதற்காக அவர்களுக்கு வந்தனம் சொன்னார். விருந்துதான் நடக்கிறது என்று அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் தட்டை எடுத்தபோது ஒவ்வொருவர் தட்டுக்கு அடியிலும் ஒரு காகிதம் இருந்தது. விட்டுக் கொடுத்த பாக்கி முழுவதும், வட்டியோடு, செலுத்தும்படி வங்கிக்காரருக்கு எழுதிய உத்தரவு!

வெர்னன் பணத்தை விழுங்கிவிட்டு நின்ற வாலிபனுக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

லண்டனில் ஒன்றரை வருஷம் அச்சுக்கூடங்களில் உழைத்தார். வாட்ஸ் என்பவரின் அச்சுக்கூடத்தில் கூட வேலை செய்தவர்கள் காலை முதல் இரவு வரை பீர் குடிப்பவர்கள். பிராங்க்ளின் தண்ணீர் குடிப்பவர். பாக்கி ஏறிப்போய்ப் பீர்க் கடைக்காரன் இனிக் கடன் இல்லை என்று கைவிரித்துவிட்டால், அவர்கள் இந்தத் தண்ணீர்க்காரரிடம் வந்து நிற்பார்கள். இவர் ஜாமீன் சொல்வார். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா நடக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று வசூல் செய்துகொள்வார். சில வாரங்களில் இப்படி 30 ஷில்லிங் வரையில் மற்றவர் கணக்கில் பொறுப்பேற்றிருக்கிறார். காலின்ஸ் கற்றுக் கொடுத்த பாடம் வீண் போகவில்லை என்று தோன்றும். ஆனால் அதே லண்டனில் ரால்ப் என்ற எழுத்தாளச் சிநேகிதனுக்குச் சுமார் 27 பவுன் கைமாற்றுக் கொடுத்து ஏமாந்தும் இருக்கிறார். சிநேகிதர் விஷயத்தில் அவருக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது!

இரவு விளக்கு

1726-ல் டென்ஹாமின் குமாஸ்தாவாகப் பிலடெல்பியா திரும்பினார். டென்ஹாம் நோயில் விழுந்து இறந்தபின் மறுபடியும் கெய்மரிடம் கொஞ்ச நாள். பிறகு 1728-ல், உடன் வேலை செய்த ஹியூ மெரெடித்தோடு கூட்டுச் சேர்ந்து சொந்த அச்சுக்கூடம் திறந்தார். முதல் போட்டது மெரெடித்தின் தகப்பனார். உழைப்பு பிராங்க்ளினுடையது. மெரெடித்துக்கு அச்சுக் கோக்க வராது; குடிக்க நன்றாக வரும்.

குவேக்கர் கிறிஸ்தவர்களின் சரித்திரப் புத்தகத்தில் ஒரு பகுதி அச்சிடக் கிடைத்தது. கூலி குறைவு. நாளைக்கு ஒரு பாரம் அச்சுக் கோத்து முடிப்பது என்று பிராங்க்ளின் விரதம் வைத்துக்கொண்டார். ஒரு நாள் இரவு வேலை முடிந்தது என்று எழுந்தபோது, முடுக்கி வைத்திருந்த எழுத்துகள் எதிர்பாராமல் சரிந்து இரண்டு பக்கம் குவியலாகிவிட்டது. படுக்கப் போகவில்லை. எழுத்துகளைப் பிரித்துப் போட்டு, அந்த இரண்டு பக்கத்தையும் புதிதாகக் கோத்த பிறகுதான் விளக்கை அணைத்தார்.

அந்த விளக்கை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் வியாபாரிகள் இரவில் கூடும் சங்கம் ஒன்று உண்டு. ஏற்கெனவே இரண்டு அச்சுக்கூடம் இருக்கும் ஊரில் மூன்றாவது எப்படி நிலைக்கும் என்று அங்கே பேச்சு வந்தது. டாக்டர் பெயர்டு என்பவர் மறுத்தார். சங்கத்திலிருந்து தாம் வீடு திரும்பும் நேரத்திலும் அந்த வாலிபன் வேலை செய்கிறான், அக்கம்பக்கத்தார் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னாலும் வேலை செய்கிறான் என்றார். கேட்டுக்கொண்டிருந்த வியாபாரிகளில் ஒருவர், சில நாளில் அச்சுக்கூடத்துக்கே வந்து, காகிதம் முதலிய சாமான்களைக் கடனாகத் தருகிறேன், கடை வையுங்கள் என்றார்.

இன்று ஒருவர் முதன்முதலாகக் கிரெடிட் கார்டு கேட்டால், வங்கிக்காரர் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டைப் புரட்டுகிறார். பழைய தவணைகளை நாள் தவறாமல் கட்டியிருக்கிறாரா என்று பார்க்கிறார். கடனே வாங்கியறியாதவருக்குப் புரட்ட ஏடு இல்லை. அவர் பாடு சிரமந்தான். 1728-ல் பிலடெல்பியாவில் அந்த ஏடு, டாக்டர் பெயர்டின் கண்!

வலிய வந்த அந்தக் கடனைப் பிராங்க்ளின் ஏற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கடை வைக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிடைக்கிறதே என்பதற்காக அவர் கடன் வாங்குகிறவர் அல்ல. வெர்னன் பணம் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

வெர்னனும் ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான் கடிதம் எழுதினார். நெருக்கவில்லை; ஞாபகப்படுத்தினார். பிராங்க்ளின் சாக்குச் சொல்லாமல் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டு, கொஞ்சம் பொறுக்கும்படி பதில் எழுதினார். வெர்னன் பொறுத்தார். முடிந்ததும் பிராங்க்ளின் அசலும் வட்டியும், அதற்கு மேல் நன்றியும் சேர்த்து அனுப்பிக் கணக்கைத் தீர்த்தார்.

இரண்டு சிநேகிதர்கள்

ஆனால் கரை சேர்வதற்குள் ஒரு பெரிய அலை வந்தது. யந்திரம் தருவித்துக் கொடுத்த வியாபாரிக்கு மெரெடித்தின் தகப்பனார் 100 பவுன் கட்டிவிட்டார். பாக்கி 100 பவுன் அவரால் முடியவில்லை. வியாபாரி பொறுமையிழந்து எல்லோர் மேலும் வழக்குப் போட்டார். ஜாமீன் கொடுத்து அப்போதைக்குத் தப்பினார்கள். கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் தீர்ப்பாகி, யந்திரமும் எழுத்துகளும் பாதி விலைக்கு ஏலம் போய்விடும். இரவெல்லாம் எரிந்த விளக்குக்குப் பயன் இல்லாமல் போய்விடும்.

அப்போது வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரண்டு சிநேகிதர்கள் வந்தார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. பிராங்க்ளின் வாய் திறந்து கேட்கவும் இல்லை. தொழிலை முழுவதும் நீயே ஏற்றுக்கொள், வேண்டிய பணம் நான் தருகிறேன் என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். தெருவில் குடித்துத் திரியும் மெரெடித்தோடு கூட்டு மட்டும் வேண்டாம் என்றார்கள்.

வேறொருவராக இருந்தால் அன்றே மெரெடித்தைக் கழற்றிவிட்டிருப்பார். பிராங்க்ளின் செய்யவில்லை. மெரெடித் குடும்பம் தங்கள் பங்கைச் செலுத்துவதற்கு வழியிருக்கும் வரையில் தாமாகப் பிரிவினை பேசமாட்டேன் என்றார். கையில் காசில்லாத நேரத்தில் கைக்கு வந்த பணத்தை இப்படி நிறுத்தி வைக்க நெஞ்சுரம் வேண்டும். பிறகு மெரெடித்தே, தனக்கு விவசாயந்தான் சரி, விடுதலை கொடு என்று கேட்டார். கூட்டுக் கடன்களை ஏற்றுக்கொண்டு, தகப்பனாரின் 100 பவுனைத் திருப்பி, மெரெடித்தின் சில்லறைக் கடன்களை அடைத்து, கையில் 30 பவுனும் ஒரு புதுச் சேணமும் தரவேண்டும் என்பது பேச்சு. பிராங்க்ளின் சம்மதித்தார். 1730 ஜூலையில் கூட்டுப் பிரிந்தது. சிநேகிதர் இருவரிடமும் போனார். ஒருவரிடமே முழுவதும் வாங்கினால் மற்றவர் மனம் நோகும் என்று, ஆளுக்குப் பாதியாக வாங்கினார்.

தள்ளுவண்டி தெருவுக்கு வந்தது இந்தக் கடனைத் தீர்க்கும் காலத்தில்தான். உடை எளிமை. வீண் பொழுதுபோக்கும் இடங்களில் அவரைக் காண முடியாது. மீன் பிடிக்கவோ வேட்டைக்கோ போனதில்லை. எப்போதாவது ஒரு புத்தகம் வேலையைக் கெடுத்தது உண்டு. அது வீட்டுக்குள் நடந்த குற்றமாகையால் வெளியே தெரியவில்லை! உழைப்பாளியாக இருந்தது மட்டுமல்ல, உழைப்பாளி அல்ல என்று நினைக்க யாருக்கும் இடம் கொடாமலும் பார்த்துக்கொண்டேன் என்ற கருத்தை அவரே எழுதியிருக்கிறார். இதை வேஷம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. வேஷமாக இருந்தால் வண்டியில் காகிதம் இருந்திராது. உள்ளே சரக்கு இருந்தது. அதை மூடி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். பழைய எஜமானர் கெய்மர் கடன் முற்றி அச்சுக்கூடத்தையே விற்றுவிட்டுப் பார்படோஸுக்குப் போனார். அதை நடத்த வந்த டேவிட் ஹாரி, பிரபுவைப் போல் உடுத்தி, விருந்தும் கேளிக்கையுமாக இருந்து, கடனில் மூழ்கி, அதே பார்படோஸுக்குப் போய்ச் சேர்ந்தார். பிலடெல்பியாவில் கடன் முற்றியவர்களுக்கு அந்தத் தீவு மிகவும் பிடித்திருந்தது போலும்!

1730 செப்டம்பரில் டெபோராவும் பிராங்க்ளினும் இல்லறம் தொடங்கினார்கள். அதிலும் ஒரு கடன் சிக்கல். முன்பு அவளை மணந்து கைவிட்டு ஓடிப்போனவன் ஏகப்பட்ட கடன் வைத்துவிட்டுப் போயிருந்தான். அடுத்துக் கைப்பிடித்தவர் தலையில் அது விழுமோ என்ற பயம் இருந்தது. நல்ல வேளையாக விழவில்லை. டெபோரா புத்தகம் மடித்தாள், தைத்தாள், கடையைக் கவனித்தாள், காகிதம் செய்யக் கந்தல் துணி வாங்கினாள். வெகு காலம் மண் கிண்ணத்தில் ஈயக் கரண்டியால் காலை உணவு சாப்பிட்டு வந்த பிராங்க்ளின், ஒரு நாள் சீனக் கிண்ணத்தையும் வெள்ளிக் கரண்டியையும் எதிரே கண்டு திகைத்தார். விலை 23 ஷில்லிங். அண்டை வீட்டுக்காரருக்கு உண்டென்றால் என் புருஷனுக்கும் உண்டு என்பதுதான் மனைவியின் நியாயம். சிக்கனத்தைப் பற்றி உலகத்துக்கே எழுதியவரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசிக் கணக்கு

மேற்கொண்டு வந்த செல்வத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழை ரிச்சர்டு என்ற பெயரில் அவர் வெளியிட்ட பஞ்சாங்கம் வருஷத்துக்குப் பத்தாயிரம் பிரதி வரையில் விற்றது. 1748-ல், 42 வயதில், தொழிலைக் கூட்டாளியிடம் விட்டு ஓய்ந்தார். அதே ஆண்டில் இளம் தொழிலாளிகளுக்கு ஒரு யோசனைக் கடிதம் எழுதினார். கடன் கொடுத்தவன் காதில் விடியற்காலையிலும் இரவிலும் உன் சுத்தியல் ஓசை விழுந்தால் அவன் இன்னும் ஆறு மாதம் பொறுப்பான், அவனே உன் குரலைச் சாராயக் கடையில் கேட்டால் மறுநாளே பணத்துக்கு ஆள் அனுப்புவான் என்பது அதன் சாரம். யோசனை என்பதைவிடச் சொந்த அனுபவம் என்பதே பொருந்தும்.

முதுமையில், தேசத்துக்காகவே கடன் கேட்கும் பொறுப்பு வந்தது. சுதந்திர யுத்தத்துக்குப் பிரான்ஸ் மன்னர் கொடுத்த 1 கோடியே 80 இலட்சம் லிவர் கடனுக்கு 1782-ல் பாரிஸில் அவர்தான் ஒப்பந்தம் செய்தார். சமாதானம் ஏற்பட்ட மூன்றாம் வருஷத்திலிருந்து 12 தவணை. வெர்னனுக்குப் பிராங்க்ளின் கட்டியதுபோல, புதிய அமெரிக்க சர்க்கார் அந்தக் கடனுக்கு வட்டி கட்டிவிடவில்லை, 1785-லேயே தவறிவிட்டது.

1790 ஏப்ரல் 17-ந் தேதி, 84-ம் வயதில், பிராங்க்ளின் காலமானார். உயிலைப் பிரித்தபோது இரண்டு சுவையான விஷயங்கள் தெரிந்தன. தமக்கு ஊரார் தரவேண்டிய பழைய பாக்கிகளை, பேரேட்டோடு, பென்சில்வேனியா ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பேரேட்டைப் பார்த்துவிட்டு, வசூலாகாத பாக்கி எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். பிறரிடம் கடனை அடைப்பதில் இருந்த கண்டிப்பு, வசூலிப்பதில் அவருக்கு இருக்கவில்லை.

இரண்டாவது விஷயம், 1789-ல் உயிலோடு சேர்த்த பிற்சேர்க்கை. பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுன். தொழில் பழகி முடித்த, 25 வயதுக்குட்பட்ட, கலியாணமான இளம் தொழிலாளிகளுக்கு அதிலிருந்து 15 பவுனுக்குக் குறையாமல் 60 பவுனுக்கு மேற்படாமல் கடன் தரவேண்டும். வட்டி நூற்றுக்கு 5. வருஷந்தோறும் அசலில் பத்தில் ஒரு பங்கும் வட்டியும் கட்டவேண்டும். நல்ல மனிதர் இருவர் ஜாமீன் நிற்கவேண்டும். ஏன் இந்த ஏற்பாடு என்பதையும் எழுதியிருந்தார். பிலடெல்பியாவில் இரண்டு சிநேகிதர்கள் அன்று மனமுவந்து கொடுத்த கடனே தம் வாழ்வுக்கெல்லாம் அஸ்திவாரம் என்றார்.

வட்டியும் அசலும் சுழன்று சுழன்று 200 வருஷத்தில் ஒவ்வொரு நகரத்திலும் 40 இலட்சம் பவுனுக்கு மேல் சேரும் என்று கிழவர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு அப்படியே பலிக்கவில்லை. வாங்கியவர்களில் சிலர் கட்டவில்லை. ஜாமீன்காரர்கள் கட்ட நேர்ந்தது. ஆலைகள் பெருகி, எஜமானரிடம் இருந்து தொழில் பழகும் வழக்கமே போய்விட்டதால், கேட்டு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் பணம் வளர்ந்தது. பாஸ்டனில் அதன் ஒரு பகுதியைக் கொண்டு தொழிற்கல்விப் பள்ளி ஒன்று 1908-ல் திறக்கப்பட்டது. பிலடெல்பியாவில் பிற்காலத்தில் சாதாரண ஜனங்கள் வீடு வாங்க அதிலிருந்து கடன் கொடுத்தார்கள். 1990-ல் கெடு முடிந்தபோது பாஸ்டனில் சுமார் 45 இலட்சம் டாலரும், பிலடெல்பியாவில் 20 இலட்சம் டாலருக்கு மேலும் இருந்தது.